வெட்டவெளியில் பழக வேண்டிய வானொலி

2004 டிசம்பரில் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு சிறு குழு, பாரதி பிரசாத்தின் தலைமையில் அந்தமானின் போர்ட் பிளேயருக்குச் சென்றது. பேரிடர்ப் பணிக்காகச் சென்ற குழு அல்ல அது. பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலி ஒலிக்காதிருந்த அந்தத் தீவுகளிலிருந்து, உலகெங்கும் உள்ள ஆர்வலர்களோடு பேசுவதே பயணத்தின் நோக்கம். தங்கியிருந்த விடுதியிலேயே நிலையம் அமைத்து அவர்கள் பேசிக்கொண்டிருந்த நாள்களில்தான், டிசம்பர் 26 அன்று காலை நிலம் அதிர்ந்தது, ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அதுவரை பொழுதுபோக்காக ஒலித்த அதே கருவி, தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உயிர்களைப் பற்றிய செய்திகளைச் சுமக்கத் தொடங்கியது.

இந்த நிகழ்வை நினைவுகூர்வோர் பெரும்பாலும் கருவியைப் போற்றுவார்கள். ஆனால், அன்று கைகொடுத்தது கருவி மட்டுமல்ல. பழகாத ஊரில், கிடைத்த இடத்தில், இருப்பதைக் கொண்டு ஒரு நிலையத்தைக் கட்டி இயக்கும் பயிற்சி அந்தக் குழுவுக்கு முன்பே இருந்தது. அந்தப் பயிற்சி இல்லாதவரிடம் எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தாலும், மின்சாரம் நின்ற மறுகணம் அது வெறும் பெட்டி. வானொலிக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு மலைக்கும் கடற்கரைக்கும் போகும் பழக்கத்தை, அமெச்சூர் வானொலிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே கற்க வேண்டும் என்று சொல்வதற்கான காரணம் இதுதான்.

ஒதுக்கப்பட்ட அலைகள்

‘ஹாம்’ என்று செல்லமாக அழைக்கப்படும் அமெச்சூர் வானொலி, அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்ற தனிமனிதர்கள், இலாப நோக்கமின்றி, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. இடையில் கோபுரம் இல்லை, நிறுவனம் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. இரு முனைகளிலும் இரண்டு மனிதர்கள், இரண்டு கருவிகள், நடுவே இயற்கை.

இதன் வரலாற்றில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. அமெரிக்காவின் 1912ஆம் ஆண்டு வானொலிச் சட்டம், அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கிவைத்தது. தொலைதூரத் தொடர்புக்கு நீண்ட அலைகளே உதவும் என்று வல்லுநர்கள் நம்பிய காலம் அது. குற்றலைகள் அவர்கள் பார்வையில் பயனற்றவை. அந்த ஒதுக்கப்பட்ட அலைகளை வைத்துக்கொண்டு அமெச்சூர்கள் சோதித்துப் பார்த்தபடியே இருந்தார்கள். 1923 நவம்பரில் பிரான்ஸின் லியோன் தெலுவாவும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெலும் ஏறத்தாழ 100 மீட்டர் அலைநீளத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி இருவழித் தொடர்பு கொண்டார்கள். குற்றலைகளே உலகைச் சுற்றிவரும் என்பது அதன் பிறகே உலகுக்கு உறைத்தது. குறைந்த வசதியைக் கொண்டு பெரிய தொலைவை எட்டுவது இந்தக் கலையின் பிறவிக் குணம்.

வீட்டை விட்டு ஏன் வெளியேற வேண்டும்?

இன்றைய நகர வீடு வானொலிக்கு ஏற்ற இடமாக இல்லை. எல்.இ.டி. விளக்கு, கைபேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர், சூரிய மின்தகட்டின் மாற்றி ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரைச்சலை உமிழ்கிறது. தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் அதில் மூழ்கிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆன்டெனா கட்ட இடமும் கிடைப்பதில்லை. சங்கத்தின் அனுமதியும் கிடைப்பதில்லை. ஊருக்கு வெளியே, மின்கம்பிகளிலிருந்து விலகிய ஒரு வெட்டவெளிக்குப் போய்க் கருவியை முடுக்கினால் முதலில் வியக்கவைப்பது அங்குள்ள அமைதிதான். வீட்டில் கேட்காத நிலையங்கள் அங்கே ஒவ்வொன்றாக மேலெழுந்து வரும்.

உயரமும் உதவும். கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. சமவெளியில் நிற்பவரின் தொடுவானம் நான்கைந்து கிலோமீட்டரில் முடிந்துவிடும். 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காடு போன்ற இடத்தில், கீழே நிலம் தடையின்றி விரிந்திருக்கும் திசையில், அது ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வரை விரிகிறது. கருவி அதேதான்; நிற்கும் இடம் மாறியதால் எட்டும் தொலைவு மாறுகிறது.

இந்தப் பழக்கத்தை உலகம் ஒரு விளையாட்டாகவே வளர்த்து வைத்திருக்கிறது. அமெரிக்க அமெச்சூர்கள் 1933இலிருந்து ‘ஃபீல்ட் டே’ என்ற பெயரில், ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் மாத வார இறுதியில் திறந்தவெளிக்கு வந்து நிலையம் அமைக்கிறார்கள். 2002இல் பிரிட்டனில் தொடங்கிய ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ திட்டத்தில் மலை உச்சிகளிலிருந்து பேசுவோருக்குப் புள்ளிகள் கிடைக்கின்றன. பூங்காக்களிலிருந்து பேசுவோருக்கும் இதேபோன்ற திட்டம் உண்டு. புள்ளிகள் ஒரு சாக்கு. மின்சாரம் இல்லாத இடத்தில் நிலையம் அமைக்கும் திறன் மங்காமல் இருப்பதே அதன் உண்மையான பயன்.

ஒரு பைக்குள் அடங்கும் நிலையம்

தொடங்குபவருக்குத் தேவையானவை குறைவு. 5 வாட் அளவில் இயங்கும் சிறிய குற்றலைக் கருவி, 12 வோல்ட் மின்கலம், இணைப்புக் கம்பி, ஆன்டெனாவுக்கான செப்புக் கம்பி, அதைத் தூக்கிப் பிடிக்க ஆறேழு மீட்டர் நீளமுள்ள கோல், நைலான் கயிறு, ஒரு நோட்டுப் புத்தகம், பேனா. கருவியை வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த ‘பிட்எக்ஸ்’, எளிதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு கையாலேயே பற்றவைத்து உருவாக்கக்கூடியது. உலகின் பல நாடுகளிலும் ஆர்வலர்கள் அதைக் கட்டிப் பேசியிருக்கிறார்கள்.

5 வாட் போதுமா என்ற ஐயம் இயல்பானது. வழக்கமான வீட்டு நிலையம் 100 வாட்டில் இயங்குகிறது. இருபது மடங்கு வேறுபாடு பெரிதாகத் தோன்றினாலும், கேட்பவரின் அளவுமானியில் அது இரண்டு புள்ளிகள்தாம் இறங்கும். ஆன்டெனாவைச் சரியாகக் கட்டினால் அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடலாம். குறைந்த திறனுக்கு மின்கலமும் சிறிதாக இருந்தால் போதும். இத்தகைய கருவி, கேட்கும்போது ஏறத்தாழ அரை ஆம்பியரும் பேசும்போது ஓரிரண்டு ஆம்பியரும் எடுக்கும். கணினிக்கான யு.பி.எஸ். பெட்டியில் இருக்கும் 7 ஆம்பியர்-மணி மின்கலம் நான்கைந்து மணி நேரம் தாங்கும்.

ஆன்டெனாவின் கணக்கு பள்ளிப் பாடம். 300ஐ மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 21 மீட்டர். அதில் பாதியை எடுத்து, கம்பியின் இயல்பு கருதி ஐந்து விழுக்காடு குறைத்தால் 10 மீட்டர். இதை ஐந்தைந்து மீட்டராக இரு துண்டுகளாக்கி, நடுவில் இணைப்புக் கம்பியைப் பொருத்தி, கோலின் உச்சியில் கட்டி, இரு முனைகளையும் கூடாரத்தின் சரிவுபோல இருபுறமும் கயிற்றால் இழுத்துக் கட்டினால் ஆன்டெனா தயார். வெட்டும்போது சற்று நீளமாகவே வெட்ட வேண்டும். நீண்ட கம்பியைக் குறைக்கலாம், குறைந்ததை நீட்டுவது கடினம். அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அலை விகித மானி காட்டும். அளவு 1.5க்குக் கீழ் இருந்தால் நிம்மதியாகப் பேசலாம். 3ஐத் தாண்டினால் பேசாமல் பிழையைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது ஓர் இணைப்பானில் ஒளிந்திருக்கும்.

வானமே எதிரொலிக்கும் சுவர்

பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் வரை பரவிய அயனி மண்டலம், குற்றலைகளை வளைத்துத் திருப்பி அனுப்புகிறது. சூரியன் இயக்கும் இந்தச் சுவர் வேளைக்கு வேளை மாறும். பகலில் அதன் கீழடுக்கு தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடுவதால், தொலைதூரத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேற்பட்டவையும் ஏற்றவை. மாலை சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்து, 7 மெகாஹெர்ட்ஸ் நெடுந்தூரம் ஓடத் தொடங்கும். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியும் இதில் பங்கு வகிக்கிறது.

இதில் நம் மாநிலத்துக்கு மிகவும் பயன்படும் உண்மை ஒன்று உண்டு. 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியை உயரத்தில் கட்டாமல் நான்கைந்து மீட்டரிலேயே கட்டினால், அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், மழைபோலச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் பரப்பில் இறங்கும். மலை மறைப்பதில்லை, தொடுவானம் தடுப்பதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ பகலில் பேச உயர்ந்த கோபுரம் தேவையில்லை. வேலிக்கம்பத்தில் கட்டிய 20 மீட்டர் கம்பியே போதும். பேரிடரில் மாவட்டங்களுக்கு இடையே வேண்டிய தொலைவும் இதுதான். இந்த நுட்பத்தைப் புத்தகத்தில் படிப்பது வேறு. எந்த உயரத்தில், எந்த வேளையில், எந்த ஊர் கேட்கிறது என்று நேரில் குறித்துவைத்திருப்பது வேறு.

முதல் நாள் கடற்கரையில்

நான் முதன்முதலாக வெளியே போனது நாகை மாவட்டக் கடற்கரை ஒன்றுக்கு. வீட்டு மாடியில் மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனாலும், கடற்காற்றில் கோலை நிறுத்தி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போயிற்று. மணலில் முளை நிற்காது என்பதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கடைசியில் மணல் நிரப்பிய சாக்கில் கயிற்றைக் கட்டினேன். இணைப்புக் கம்பியின் முனைக்கு வேண்டிய சிறு இணைப்பான் வீட்டு மேசையிலேயே தங்கிவிட்டது. கம்பியை உரித்துச் சுற்றி, ஒட்டுநாடாவால் இறுக்கினேன். பிறகு ‘சி.க்யூ., சி.க்யூ.’ என்று அழைத்தேன். யாரேனும் கேட்டால் பதில் சொல்லுங்கள் என்பது அதன் பொருள். நாற்பது நிமிடம் யாருமே பதில் சொல்லவில்லை.

அதற்குள் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த மீனவர்கள் சிலர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். யாரோ காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிட, காவலர் ஒருவரும் வந்தார். கடற்கரையில் ஒருவன் கம்பி கட்டி ஒலிவாங்கியில் பேசினால் ஐயம் எழுவது நியாயமே. உரிமத்தின் நகலைக் காட்டியதும் அவரும் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார். அழைப்பதை நிறுத்தி, முதலில் கேட்போம் என்று அலைவரிசையை மெல்லத் திருப்பினேன். 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை நிலையம் ஒன்று பேசி முடிக்கும் தறுவாயில் இருந்தது. காத்திருந்து என் அழைப்புக்குறியைச் சொன்னேன். “குரல் மெலிது, ஆனால் முழுவதும் புரிகிறது” என்று பதில் வந்தது.

கூட்டத்திலிருந்த முதியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, இதுக்கு டவர் வேணாமா?” வேண்டாம் என்றேன். “கஜா அடிச்சப்ப இது எங்க இருந்துச்சு?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், மின்கம்பங்களைப் பல்லாயிரக்கணக்கில் சாய்த்தது. மின்சாரம் போனதும் கைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. பல ஊர்கள் தம் நிலையை வெளியே சொல்ல வழியின்றி நாள்கணக்கில் தவித்தன. ஊருக்கு ஒருவர் கம்பியும் மின்கலமும் வைத்திருந்து, அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்திருந்தால் எத்தனை செய்திகள் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும் என்ற கேள்வி அந்த முதியவருடையது மட்டும் அல்ல.

அன்று கற்றதைத் தொடங்குவோருக்காகச் சொல்ல வேண்டுமென்றால், முதல் பாடம் பேசுவதைவிடக் கேட்பது முக்கியம் என்பது. மெல்லிய குரலுடையவர் வெறும் வெளியில் கூவுவதைவிட, ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர் முடித்ததும் பதில் கொடுப்பது பயன் தரும். இரண்டாவது, பொருள்களின் பட்டியலை எழுதிப் பைக்குள்ளேயே ஒட்டிவைப்பது. மூன்றாவது, ஒவ்வொரு தொடர்பையும் நேரத்தோடு குறிப்பது. உலகப் பொதுநேரம் நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி பிந்தையது என்பதை மறந்தால் குறிப்பேடே குழம்பிவிடும்.

சட்டமும் எச்சரிக்கையும்

உரிமமின்றி ஒலிவாங்கியைத் தொடக் கூடாது. 12 வயது நிறைந்தவர்கள் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளுமே பாடம். முதல் நிலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீடு தேவையில்லை. வணிகம், அரசியல், மறைகுறிச் செய்தி ஆகியவற்றுக்கு இந்த அலைகளில் இடமில்லை. வீட்டு முகவரிக்கு வெளியே இயக்கும் முன், தன் உரிமத்தின் நிபந்தனைகள் என்ன சொல்கின்றன என்பதை ஒவ்வொருவரும் படித்தறிய வேண்டும். காடு, சரணாலயம், நினைவுச்சின்னம் போன்ற இடங்களில் உரியவர்களிடம் தனியே அனுமதி பெற வேண்டும். அருகிலுள்ள காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது வீண் சிக்கலைத் தவிர்க்கும்.

உயிர்ப் பாதுகாப்பில் சமரசம் கூடாது. சரிந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில்தான் கோலை நட வேண்டும். கோலின் உயரத்தைப்போல் இரு மடங்கு விலகி நிற்பது நல்லது. இடி முழங்கினால் நிலையத்தைக் கலைத்துவிட வேண்டும். மலை உச்சியில் ஈரக் கம்பியோடு மழையை ரசிக்க முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போது ஆன்டெனாவைப் பிறர் தொடாதபடி, குறிப்பாகச் சிறுவர்கள் நெருங்காதபடி, முனைகளில் வண்ணத்துணி கட்டிவைக்க வேண்டும்.

யார் செய்ய வேண்டியது?

அமெச்சூர் வானொலி எல்லாவற்றுக்கும் மாற்று என்று சொல்வது மிகை. காவல் துறைக்குத் தனி வானொலி வலை இருக்கிறது. செயற்கைக்கோள் தொலைபேசிகளும் இருக்கின்றன. ஆனால், அவை அலுவலகங்களில் இருப்பவை, எண்ணிக்கையில் குறைந்தவை. கிராமத்தில் வாழ்ந்து, அந்த ஊரின் மேட்டையும் பள்ளத்தையும் அறிந்து, தன் கருவியைத் தானே பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பது வேறு வகையான பலம்.

அந்த ஒருவரை உருவாக்கப் பெரிய நிதி வேண்டியதில்லை. கடலோர மாவட்டங்களின் பொறியியல், தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஒரு நிலையமும் உரிமம் பெற்ற ஓர் ஆசிரியரும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். 2025 ஜூலையில் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து அமெச்சூர் வானொலி வழியே இந்தியாவோடு பேசியபோது மாணவர்களிடம் எழுந்த ஆர்வத்தை நாம் கண்டோம். அந்த ஆர்வத்தைத் தேர்வறைக்கும், தேர்வறையிலிருந்து வெட்டவெளிக்கும் கொண்டுசெல்வதே அடுத்த வேலை. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாவட்டப் பேரிடர் மேலாண்மை அமைப்புகள் உள்ளூர் ஹாம் ஆர்வலர்களை அழைத்து, மின்சாரமும் கைபேசியும் இல்லாததாகக் கருதி, ஊருக்கு ஊர் செய்தி அனுப்பிப் பார்க்கலாம். எந்த ஊரிலிருந்து பதில் வரவில்லை என்பது அன்றே தெரிந்துவிடும். நவம்பரில் தெரிவதைவிட அது நல்லது.

தொடங்க நினைப்பவர்கள் கருவி வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள உரிமம் பெற்ற ஒருவர் அடுத்த முறை மலைக்கோ கடற்கரைக்கோ போகும்போது, கோலைத் தூக்கிக்கொண்டு உடன் போகலாம். பக்கத்தில் அமர்ந்து கேட்கலாம். நான் மீண்டும் அந்தக் கடற்கரைக்குப் போனபோது இணைப்பானை மறக்கவில்லை. இருபது நிமிடத்தில் நிலையம் எழுந்தது. அந்த முதியவரின் பேரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். தாத்தாவின் கேள்விக்கு அந்த ஊரில் பதில் சொல்லப்போகிறவன் அவன்தான்.